ஒலிபெருக்கியின் நேரும் மறையும்

கண்டி மாநகரிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் நெடுஞ்சாலை, தெல்தெனியாவைக் கடந்து மலையேறி, ஹுன்னஸ்கிரிய என்னும் சிற்றூரை அடைகின்றது. நக்கிள்ஸ் மலைத்தொடரின் உட்கிராமங்களுக்குச் செல்வோர் அங்கே திரும்பிவிடுவர். மகியங்கனைக்குச் செல்வோர் உடதும்பறையைத் தாண்டி, பதினெட்டு வளைவுகள் எனப் பெயர்பெற்ற இறக்கத்தில் இறங்கி, ஹசலகச் சமவெளியை அடைவர். பண்பலை ஒலிபரப்பை நாட்டின் நடுப்பகுதிக்கு எடுத்துச் செல்லும் மலைகளுள் ஹுன்னஸ்கிரியவும் ஒன்று. ஆகவே அவ்வழியே செல்லும் வண்டிகளில் வானொலி பாடிக்கொண்டிருப்பது இயல்பேயாம்.

அவ்வண்டிகளுட் பல பழையன. குளிரும் மழையும் தூசியும் மாறி மாறித் தாக்க, கதவினுள்ளே பொருத்தப்பட்ட ஒலிபெருக்கியின் தாட்கூம்பு சில ஆண்டுகளிற் கிழிந்துவிடும். உரிமையாளர் புதியது ஒன்றை வாங்கி, பழையதைக் கழற்றி, அங்கிருந்த இரண்டு கம்பிகளைப் புதியதன் இரண்டு முனைகளிலும் மாட்டுவார். வானொலி மீண்டும் பாடும். வேலை முடிந்தது என்று கதவை மூடிவிடுவார். ஆனால் அந்த இரண்டு முனைகளுள் ஒன்றில் கூட்டற் குறியும் மற்றதிற் கழித்தற் குறியும் இருப்பதை அவர் கவனித்தாரா?

கவனியாமற் கம்பிகளை மாற்றி மாட்டினாலும் புகை எழாது, உருகி எரியாது, ஒலியும் நிற்காது. பிழை நேர்ந்தது என்பதற்கு வெளிப்படையான அடையாளம் எதுவும் இராது. எப்படி மாட்டினாலும் பாடும் ஒரு கருவிக்கு நேர் என்றும் மறை என்றும் இரண்டு குறிகள் எதற்கு? இவ்வினாவுக்கு விடை காண வேண்டுமாயின், ஏறக்குறைய இருநூற்றெழுபது ஆண்டுக்கால வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்த்தல் வேண்டும்.

மின்சாரத்துக்கு நேர், மறை என்னும் பெயர்களைச் சூட்டியவர் அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்கிளின். 1747ஆம் ஆண்டு அவர் எழுதிய கடிதங்களில் இப்பெயர்கள் காணப்படுகின்றன. ஒரு பொருளில் மின்சாரம் மிகுந்திருத்தல் நேர், குறைந்திருத்தல் மறை என அவர் கொண்டார். எதனை மிகுதி என்பது, எதனைக் குறைவு என்பது என்று தீர்மானிக்க அக்காலத்தில் வழியில்லை. ஆகவே ஊகித்தே பெயரிட்டார். 1897ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஜே. ஜே. தொம்சன் இலத்திரனைக் கண்டறிந்தபோது, கம்பியில் ஓடும் துகள்கள் மறை ஏற்றம் உடையவை என்றும், பிராங்கிளின் கருதிய திசைக்கு எதிர்த்திசையிலேயே அவை ஓடுகின்றன என்றும் தெரியவந்தது. ஆயினும் உலகம் தன் குறிகளை மாற்றிக்கொள்ளவில்லை. எல்லாரும் ஒரே முறையைப் பின்பற்றும்வரை கணக்குப் பிழைப்பதில்லை. குறி என்பது இயற்கையின் கட்டளையன்று, மனிதரின் உடன்பாடு என்னும் இவ்வுண்மையே ஒலிபெருக்கியின் வரலாற்றிலும் தொடர்ந்து வருகின்றது.

1820ஆம் ஆண்டு டென்மார்க்கு நாட்டின் ஏர்ஸ்டெட் என்பவர், மின்னோட்டம் செல்லும் கம்பியின் அருகே காந்தவூசி திரும்புவதைக் கண்டார். ஓட்டத்தின் திசையை மாற்றியபோது ஊசியும் எதிர்ப்பக்கம் திரும்பிற்று. ஒலிபெருக்கியின் தத்துவம் முழுவதும் இச்சிறு நிகழ்ச்சியில் அடங்கியிருக்கின்றது. ஒரு காந்தத்தின் இடைவெளியில் மெல்லிய கம்பிச்சுருளை நிறுத்தி, அதிலே மின்னோட்டத்தைச் செலுத்தினால், சுருள் முன்னே தள்ளப்படும். ஓட்டத்தைத் திருப்பினால் பின்னே இழுக்கப்படும். சுருளோடு ஒரு கூம்பைப் பிணைத்துவிட்டால், கூம்பு காற்றைத் தள்ளியும் இழுத்தும் ஒலியெழுப்பும். ஜெர்மானியரான ஏர்ணஸ்ட் சீமன்ஸ் 1874ஆம் ஆண்டிலேயே இத்தகைய அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். ஆங்கிலேயரான ஒலிவர் லொட்ஜ் 1898இல் அதனைத் திருத்தி அமைத்தார். ஆனால் அச்சுருளை அசைக்கப் போதிய வலிமையுள்ள மின்னோட்டத்தைத் தருவதற்கு அன்று மின்பெருக்கிகள் இருக்கவில்லை.

டென்மார்க்கிற் பிறந்த பீற்றர் ஜென்சன் என்பவரும், எட்வின் பிரிடம் என்னும் அமெரிக்கரும் கலிபோர்னியாவிலுள்ள நாப்பா என்னும் ஊரில் 1915ஆம் ஆண்டளவில் இவ்வமைப்பை மக்கள் கூட்டத்தின் முன் கொண்டுவந்தனர். தம் கருவிக்குப் ‘பெருங்குரல்’ என்று பொருள்படும் மாக்னவொக்ஸ் என்னும் இலத்தீன் பெயரை இட்டனர். அவ்வாண்டு நத்தார் தினத்துக்கு முந்திய நாள் மாலை, சான் பிரான்சிஸ்கோ நகரில் பெருந்திரளான மக்கள் அதன் வழியே பாட்டும் பேச்சும் கேட்டனர். இன்று உலகெங்கும் வழங்கும் தாட்கூம்பு ஒலிபெருக்கியின் வடிவத்தை ஆராய்ந்து நிலைநாட்டியவர்கள் செஸ்டர் றைஸ், எட்வர்ட் கெலொக் என்னும் இரு பொறியியலாளர். அவர்களுடைய ஆய்வுரை 1925ஆம் ஆண்டு வெளிவந்தது.

அதே 1925ஆம் ஆண்டிலேதான் இலங்கையிலும் வானொலி முறைப்படி பிறந்தது. தந்தித் திணைக்களத்தின் தலைமைப் பொறியியலாளராயிருந்த எட்வர்ட் ஹார்ப்பர், முதலாம் உலகப் போரிற் கைப்பற்றப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலின் கருவிகளைக் கொண்டு பரிசோதனை ஒலிபரப்புகளை நடத்தினார். அதனைத் தொடர்ந்து, 1925 டிசம்பர் 16ஆம் நாள் கொழும்பு வானொலி தொடக்கி வைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1944ஆம் ஆண்டு, தென்கிழக்காசியப் படைத்தலைமையகம் பேராதனைக்கு வந்து சேர்ந்தது. அப்படைகளுக்காக இலங்கையிலிருந்து நடத்தப்பட்ட வானொலியின் பெரும் கருவிகள் 1949இல் இலங்கை அரசின் கைக்கு வந்தன. அவற்றின் வலிமையினாலேயே இலங்கை வானொலியின் குரல் பாக்கு நீரிணையைக் கடந்து தமிழகத்தின் ஊர்தோறும் கேட்டது. எஸ். பி. மயில்வாகனம் அவர்களின் குரலை அறியாத தமிழ் நேயர் அக்காலத்தில் அரியர். வானொலித் தமிழின் இயல்பை ஆராய்ந்து ‘ஒலிபரப்புக் கலை’ என்னும் நூலை எழுதிய சோ. சிவபாதசுந்தரம் அவர்களும் இந்நிலையத்தில் தமிழ் நிகழ்ச்சிகளை நடத்தியவரே.

அந்நாளைய வானொலிப் பெட்டியில் ஒலிபெருக்கி ஒன்றே இருந்தது. தேயிலைத் தோட்டத்து உத்தியோகத்தர் வீட்டிலாயினும், கண்டிக் கடைவீதித் தேநீர்க்கடையிலாயினும், ஒரு பெட்டிக்கு ஒரு கூம்பு என்பதே முறை. கூம்பு ஒன்றேயானால் கம்பிகளை எப்படி மாட்டினாலும் கேட்பவருக்கு வேறுபாடு தோன்றாது. கூம்பு முதலில் முன்னே சென்று பின்னே வந்தாலும், முதலிற் பின்னே சென்று முன்னே வந்தாலும், செவிக்கு ஒலி ஒன்றே. தனித்திருப்பவன் எப்பக்கம் நோக்கி நடந்தாலும் யாரோடும் மோதுவதில்லை அல்லவா? அதுபோலவே, ஒற்றை ஒலிபெருக்கிக்கு நேரும் மறையும் தேவைப்படவில்லை.

அக்காலத்து ஒலிபெருக்கிகள் பலவற்றில் நிலையான காந்தமும் இருக்கவில்லை. மற்றொரு பெரிய கம்பிச்சுருளில் மின்னோட்டத்தைச் செலுத்தியே காந்தத்தை உண்டாக்கினர். அந்த ஓட்டத்தின் திசையை மாற்றினாலும் கூம்பின் திசை மாறும். 1931ஆம் ஆண்டு யப்பானிய அறிஞர் மிஷிமா வலிமைமிக்க காந்த உருக்கைக் கண்டுபிடித்தார். அவ்வகை உலோகக் கலவைகள் வளர்ந்த பின்னரே நிலைக்காந்த ஒலிபெருக்கிகள் எங்கும் பரவின. முனையில் இட்ட குறி என்றும் மாறாது நிற்கும் நிலையும் ஏற்பட்டது.

ஒன்றுக்கு மேற்பட்ட ஒலிபெருக்கிகளை அடுத்தடுத்து வைத்தவர்கள் மட்டுமே இச்சிக்கலை முன்னதாக அறிந்திருந்தனர். திரைக்குப் பின்னே பல கூம்புகளைப் பொருத்திய படமாளிகைப் பொறியியலாளர்கள் 1930களிலேயே அவை யாவும் ஒரே நேரத்தில் முன்னே செல்லுமாறு கம்பிகளை இணைத்தனர். கோயில் திருவிழாவிற் பல குழாய் ஒலிபெருக்கிகளைக் கட்டுவோருக்கும் இது பயனுள்ள அறிவே. பக்கத்தில் உள்ள இரண்டில் ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்குமாயின், ஒன்று செய்ததை மற்றது அழித்துவிடும்.

இனி மோட்டார் வண்டியின் கதைக்கு வருவோம். அமெரிக்காவிற் கால்வின் நிறுவனத்தார் 1930ஆம் ஆண்டு மோட்டரோலா என்னும் பெயரில் விற்பனைக்கு விட்ட கருவியே, பெருமளவில் விலைப்பட்ட முதற் கார் வானொலிகளுள் ஒன்று. இலங்கையிலோ பிரித்தானிய வண்டிகளின் ஆட்சி நெடுங்காலம் நிலவியது. ஒஸ்ரின், மொறிஸ் மைனர் முதலிய கார்கள் மலைநாட்டு வீதிகளில் நிறைந்திருந்தன. அவற்றுட் பலவற்றில், இன்றைய வழக்கத்துக்கு மாறாக, பற்றரியின் நேர் முனையே வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. 1960களின் போக்கில் இவ்வழக்கம் மாறி, மறை முனையை உடலோடு இணைப்பது பொது விதியாயிற்று. பழைய வால்வு வானொலிகளுட் பல இவ்வேறுபாட்டைப் பொறுத்துக்கொண்டன. திரான்சிஸ்டர் வானொலியோ பற்றரியைத் திருப்பி மாட்டினால் அக்கணமே பழுதாகிவிடும். ஆகவே பற்றரியின் குறியைக் கவனிக்க எல்லாரும் விரைவிற் கற்றுக்கொண்டனர். ஒலிபெருக்கியின் குறியைக் கவனியாதவருக்கு அத்தகைய தண்டனை எதுவும் கிடைக்கவில்லை. அதனாலேயே அப்பாடம் இன்றும் பலருக்குத் தெரியாமல் இருக்கின்றது.

வண்டிக்குள் இரண்டாவது ஒலிபெருக்கி வந்ததோடு நிலைமை மாறியது. அதற்கு வித்திட்டவர் அலன் புளும்லைன் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர். நடிகர் திரையின் ஒரு பக்கம் நிற்க, குரல் மற்றொரு பக்கத்திலிருந்து வருவதைப் படமாளிகையிற் கண்டு, இக்குறையைத் தீர்க்கத் தம்மால் இயலும் என்று அவர் மனைவியிடம் கூறினார் என்பர். 1931ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அவர் விண்ணப்பித்த காப்புரிமையில், இடச்செவிக்கும் வலச்செவிக்கும் வெவ்வேறு ஒலியை அனுப்பும் முறை விரிவாகக் கூறப்பட்டது. போரின்போது விமான விபத்தொன்றில் 1942இல் அவர் இறந்தார். இருவழி ஒலியைத் தாங்கிய இசைத்தட்டுகள் 1958இல் சந்தைக்கு வந்தன. 1961ஆம் ஆண்டு அமெரிக்காவிற் பண்பலை வானொலியும் இருவழி ஒலியை அனுப்பத் தொடங்கிற்று. இதுவே ஸ்டீரியோ எனப் பொதுமக்கள் வழங்குவது.

அம்முறையின் நுட்பத்தைச் சற்றே கவனித்தல் நன்று. இடப்பக்க ஒலியையும் வலப்பக்க ஒலியையும் நிலையம் தனித்தனியே அனுப்புவதில்லை. இரண்டையும் கூட்டி ஒன்றாகவும், ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து இன்னொன்றாகவும் அனுப்புகின்றது. பழைய ஒற்றை ஒலிபெருக்கிப் பெட்டி கூட்டலை மட்டும் எடுத்துக்கொண்டு முழு நிகழ்ச்சியையும் ஒலிக்கும். புதிய பெட்டி கூட்டலையும் கழித்தலையும் மீண்டும் சேர்த்து இடத்தையும் வலத்தையும் பிரித்தெடுக்கும். பழைய பெட்டி வைத்திருக்கும் ஏழை நேயரும் எதனையும் இழக்கலாகாது என்ற நல்ல நோக்கத்தோடு அமைந்த ஏற்பாடு இது.

இனி, ஹுன்னஸ்கிரிய வீதியிற் செல்லும் வண்டியின் இடக்கதவு ஒலிபெருக்கியிற் கம்பிகள் சரியாகவும், வலக்கதவு ஒலிபெருக்கியில் மாறியும் மாட்டப்பட்டிருப்பதாகக் கொள்வோம். ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். நிலையம் அரும்பாடுபட்டு அனுப்பிய கூட்டல் வண்டிக்குள்ளே கழித்தலாக மாறிவிடும். அறிவிப்பாளரின் குரல் இரு பக்கத்திலும் சமமாகவே வைத்து அனுப்பப்படுகின்றது. சமமான இரண்டில் ஒன்றை மற்றதிலிருந்து கழித்தால் எஞ்சுவது சூனியம். இரு ஒலிபெருக்கிகளுக்கும் நேர் நடுவே ஒருவர் செவியை வைப்பாராயின், பக்கவாத்தியங்கள் கேட்க, பாடுபவரின் குரல் மாத்திரம் பெரிதும் மங்கிவிடும்.

சாரதி நடுவில் அமர்வதில்லையாதலால் அவருக்குக் குரல் முற்றாக மறைவதில்லை. ஆனால் அதன் கனம் போய்விடும். செக்கனுக்கு 100 தரம் அதிரும் ஆழ்ந்த ஒலியின் அலை நீளம் ஏறக்குறைய 3.4 மீற்றர். இரு கதவுகளுக்கும் இடையிலான தூரமோ அதிற் பாதிக்கும் குறைவு. ஆகவே வண்டியின் எந்த இருக்கையிலும் ஆழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று பெருமளவு அழித்துக்கொள்ளும். ஆடவர் குரலின் அடிநாதமும், மிருதங்கத்தின் தொப்பியும், தவிலின் முழக்கமும் இவ்வெல்லைக்குள் அடங்குவன. எஞ்சிய கீச்சொலி எங்கிருந்து வருகின்றது என்று சொல்ல முடியாதபடி வண்டிக்குள் அலையும். புதிதாக வாங்கிய ஒலிபெருக்கி தரமற்றது என்று உரிமையாளர் கடைக்காரரை நொந்துகொள்வார், ஒலியைக் கூட்டுவார், அப்போதும் குறை தீராது.

மலைநாட்டில் இக்குறை மேலும் ஒரு படி மிகும். ஒலிபரப்புக் கோபுரத்தின் பார்வையிலிருந்து வண்டி விலகி, மலையின் மறைவில் வளைவுகளிலே இறங்கும்போது, வானொலி அலையின் வலிமை குன்றும். அப்போது முதலில் இரைச்சலுக்கு இரையாவது கழித்தற் பகுதியே. ஆகவே கார் வானொலிகள் தாமாகவே அதனைக் குறைத்து, கூட்டலை மட்டும் இரு ஒலிபெருக்கிகளுக்கும் சமமாக அனுப்பும். கம்பிகள் சரியாயிருந்தால் இது நன்மை. தெளிவான ஒற்றை ஒலி கிடைக்கும். ஒன்று மாறியிருந்தாலோ, இரண்டிலும் ஒரே ஒலி எதிர்த்திசையில் எழுந்து ஒன்றையொன்று அழிக்கும். அலை மெலிந்த இடத்திலேதான் குரலும் மெலிகின்றது. மழைக்காலத்தில் மண்சரிவு எச்சரிக்கையைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்க, அதனை வானொலி வாசிக்கும் வேளையில், என்ஜினின் முழக்கத்துக்கும் மழையின் இரைச்சலுக்கும் மேலாகச் சாரதியின் செவிக்கு எட்ட வேண்டியது அக்குரலேயாகும்.

இவ்வாறு இரண்டு கூம்புகள் ஒன்றுபட வேண்டியதாயிற்று. ஆகவே, நேர்க்குறியிட்ட முனைக்குப் பற்றரியின் நேர் முனையைத் தொடுத்தாற் கூம்பு முன்னே செல்ல வேண்டும் என்பது பொது வழக்காயிற்று. இவ்வழக்கமும் எளிதில் நிலைபெறவில்லை. அமெரிக்காவின் புகழ்பெற்ற ஜே. பி. எல். நிறுவனத்தின் ஒலிபெருக்கிகள் பல பத்தாண்டுகளாக இதற்கு நேர்மாறாகவே, சிவப்பு முனைக்கு நேர் கொடுத்தாற் கூம்பு உள்ளே செல்லும்படி, செய்யப்பட்டன. பின்னரே பொது வழக்கோடு இணைந்தன. தனித்து நோக்கினால் அதிலும் பிழையில்லை. வேறொரு நிறுவனத்தின் கூம்பைப் பக்கத்தில் வைத்தபோதே இடர் தோன்றிற்று.

இலங்கையில் இச்சிக்கல் மலிந்திருப்பதற்குத் தனிக்காரணமும் உண்டு. பயன்படுத்திய யப்பானிய வண்டிகள் இங்கே பெருந்தொகையாக இறக்குமதியாயின. யப்பானிற் பண்பலை ஒலிபரப்பு நெடுங்காலம் 76 முதல் 90 வரையான மெகாஹேட்ஸ் எல்லைக்குள் அமைந்திருந்தது. இலங்கை நிலையங்களோ பெரும்பாலும் அதற்கு மேலே, 108 வரை, பரந்துள்ளன. ஆதலால் அவ்வண்டிகளின் வானொலியை மாற்றுவது, அல்லது அலை மாற்றும் சிறு கருவியொன்றை இடையிற் பொருத்துவது வழக்கமாயிற்று. வானொலி மாற, அதனோடு கம்பிகளும் வெட்டப்பட்டு ஒட்டப்படும். புதிய வானொலிகளின் கம்பிகளுக்குப் பெரும்பாலும் ஒரு நிறமுறை உண்டு. முன் இடத்துக்கு வெள்ளை, முன் வலத்துக்குச் சாம்பல், பின் இடத்துக்குப் பச்சை, பின் வலத்துக்கு ஊதா; ஒவ்வொன்றிலும் கருங்கோடு ஓடும் கம்பியே மறை. வண்டியில் முன்னரே உள்ள கம்பிகளோ தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை வேறு நிறம் கொண்டவை. இரண்டும் சந்திக்கும் இடத்திலேதான் பிழை நுழைகின்றது.

பிழையைக் கண்டறியும் வழி மிக எளிது. ஒலிபெருக்கியை வானொலியிலிருந்து முற்றாகக் கழற்றிவிட்டு, மின்சூள் விளக்கிற் பயன்படும் 1.5 வோல்ற்று மின்கலம் ஒன்றை அதன் முனைகளில் ஒரு கணம் மாத்திரம் தொடுதல் வேண்டும். கூம்பு முன்னே துள்ளினால், மின்கலத்தின் நேர் தொட்ட முனையே நேர். பின்னே பதுங்கினால் அது மறை. குறி அழிந்துபோன பழைய ஒலிபெருக்கிக்கும் இச்சோதனை செல்லும். கம்பிகளை மாட்டிய பின் ஒலியின் நடுநிலைத் திருகியை நடுவில் வைத்து, ஒருவர் பேசும் நிகழ்ச்சியைக் கேட்கலாம். குரல் கனத்தோடும் ஓரிடத்தில் நிலைத்தும் நின்றாற் கம்பிகள் சரி. ஓர் எச்சரிக்கையும் வேண்டும்: இன்றைய கார் வானொலிகளில் ஒலிபெருக்கியின் மறைக் கம்பியும் மின்பெருக்கியிலிருந்து வருவதே, அதனை வண்டியின் உடலோடு இணைத்தல் ஆகாது. இணைத்தால், கம்பி மாறியபோது நிகழாத சேதம் இங்கே நிகழும்.

பிராங்கிளின் ஊகித்து இட்ட குறி, ஏர்ஸ்டெட் கண்ட திருப்பம், றைஸும் கெலொக்கும் வகுத்த கூம்பு, புளும்லைன் பிரித்த இரு வழிகள் ஆகிய யாவும் வந்து கூடுவது வண்டிக் கதவின் உள்ளே மறைந்து கிடக்கும் இரண்டு கம்பிகளிலேயாம். ஒலிபரப்பு நிலையத்தார் தம் பங்கைச் செய்து, மலையுச்சிக் கோபுரமும் தன் பங்கைச் செய்த பின்னர், கடைசி ஒரு முழத் தூரம் கேட்பவரின் பொறுப்பில் விடப்படுகின்றது. அந்த ஒரு முழத்தைச் சரிசெய்ய ஒரு சிறு மின்கலமும் அரை நாழிகை நேரமும் போதும்.